டிம்மின்ஸ் ரயில் திரும்ப வருதுன்னு நம்பி இங்கயே வீடு வாங்கலாமா?

டிம்மின்ஸ்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். நான் கனடாவுல, ஒன்டாரியோ மாகாணத்து வடக்குப் பக்கம் இருக்கற டிம்மின்ஸ்ல இருக்கேன், வந்து மூணு வருஷம் ஆச்சு. வடக்கு ஊர்களுக்குன்னு கொண்டுவந்த அந்த குடியேற்ற பைலட் ப்ரோக்ராம்லதான் பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை, கிடைச்சுது, சுரங்க மெஷின்களை ரிப்பேர் பண்ற ஒரு ஒர்க்‌ஷாப்ல வேலை. வேலை புடிச்சிருக்கு, பக்கத்துல இருக்கறவங்க தங்கமானவங்க, பொண்ணு ஸ்கூல்ல நல்லா ஒட்டிக்கிட்டா. வீடு வாங்கலாமான்னு நானும் வீட்டுக்காரியும் நாலஞ்சு மாசமா பேசிக்கிட்டே இருக்கோம், ஒவ்வொரு தடவையும் பேச்சு வந்து நிக்கிற இடம் ஒண்ணுதான், டொராண்டோ எவ்வளவு தூரம்ங்கறதுதான்.

போன ஜனவரில அம்மா ஊர்லேர்ந்து வந்தாங்க. வயசு 68, ரெண்டு முட்டியும் தேஞ்சிருக்கு. ஃபிளைட் டிக்கெட் எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து பாத்தா கட்டுப்படியாகல, என் பழைய கார்ல அந்தப் பனியில எழுநூறு கிலோமீட்டர் ஓட்ட எனக்கு தைரியம் இல்ல, அதனால நானே டொராண்டோ போயி கூட்டிக்கிட்டு பஸ்ல ஏறினேன். டெமகாமி கிட்ட வரும்போது முன்னாடி எங்கயோ லாரி ஆக்சிடென்ட், பதினொண்ணாம் நம்பர் ஹைவேய மூடிட்டாங்க, மாத்து ரோடுன்னு அங்க ஒண்ணும் கிடையாது, ஒரு பெட்ரோல் பங்க் ஓரமா பஸ்ஸ நிறுத்தி அஞ்சு மணி நேரம் உக்காந்திருந்தோம். டிரைவர் பாவம், அவரால என்ன பண்ண முடியும், அவரே எல்லாருக்கும் காபி வாங்கிக் குடுத்தாரு. அம்மா மட்டும் ஒரு வாய் கூட குடிக்கல. ஏம்மான்னு கேட்டா பசியில்லப்பான்னாங்க. வீட்டுக்கு வந்தப்புறம்தான் வீட்டுக்காரிகிட்ட சொல்லிருக்காங்க, பஸ்ஸுக்குள்ள கடைசி வரைக்கும் நடந்து போயி அந்த சின்ன டாய்லெட்டுல உக்காந்து எந்திரிக்க முட்டி விடாதுன்னு பயந்து டொராண்டோலேர்ந்தே தண்ணி குடிக்காம வந்திருக்காங்க. இறங்கும்போது காலு வீங்கி ஷூவே ஏறல, என் மஃப்ளர சுத்தித்தான் காருக்கு கூட்டிட்டுப் போனேன்.

முன்னாடி டொராண்டோலேர்ந்து வடக்க ஓடி நின்னுபோன நார்த்லேண்டர் ரயில் திரும்ப வருது வருதுன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. சவுத் போர்குபைன் பக்கம் ஸ்டேஷன் வேலைய நானே பாத்தேன். என் கேள்வி, இது நெஜமாவே நிலைச்சு ஓடுமா? வாரத்துல எத்தனை நாள்? அம்மா மாதிரி ஆளுங்க ஏறி இறங்க முடியுமா? அத நம்பி இங்கயே வேரூன்றலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


தண்டவாளப்பிரியன்:

அம்மா தண்ணி குடிக்காம வந்தாங்கன்னு படிச்சதும் மனசு கஷ்டமாயிருச்சு ப்ரோ. இந்த ரயில் விஷயத்த நான் பல வருஷமா ஃபாலோ பண்றேன், தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நார்த்லேண்டர் 1976ல ஆரம்பிச்சது. நடத்துனது ஒன்டாரியோ நார்த்லேண்ட், மாகாண அரசோட நிறுவனம், தலைமையகம் நார்த் பே. அந்த ரயில்வேயே 1902ல வேலை ஆரம்பிச்சது, தண்டவாளம் போடும்போதே 1903ல இப்ப கோபால்ட்னு சொல்ற ஊர்ல வெள்ளி கிடைச்சுது, அப்புறம்தான் அந்தப் பக்கத்து ஊருங்க பாதி உருவாச்சு. அதாவது ஊருக்காக ரயில் வரல, ரயிலாலதான் ஊரே வந்துச்சு. அப்படிப்பட்ட இடத்துல 2012 செப்டம்பர் 28ஓட பயணிகள் ரயில நிறுத்திட்டாங்க. ஒவ்வொரு பயணிக்கும் அரசு கிட்டத்தட்ட 400 டாலர் மானியம் குடுக்க வேண்டியிருக்குன்னு காரணம் சொன்னாங்க. அந்த வருஷம் மார்ச்சுல ஒன்டாரியோ நார்த்லேண்ட் மொத்தத்தையுமே வித்துடப் போறோம்னு அறிவிச்சிருந்தாங்க, மூணு வருஷத்துல 265.9 மில்லியன் டாலர் மிச்சமாகும்னு கணக்கு. 2013 டிசம்பர்ல ஆடிட்டர் ஜெனரல் அந்தக் கணக்க தோண்டிப் பாத்துட்டு, மிச்சம் ஆகறதுக்குப் பதிலா 820 மில்லியன் வரைக்கும் செலவாகலாம்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருஷமே விக்கிற திட்டத்தக் கைவிட்டாங்க. ஆனா ரயில் போனது போனதுதான்.

உங்க ஊருக்கு இன்னும் பழைய காயம். டிம்மின்ஸ்க்கு 1990லேர்ந்தே நேரடி ரயில் கிடையாது, கடைசி வருஷங்கள்ல ரயில் காக்ரேன்லதான் போயி நிக்கும், டிம்மின்ஸ்காரங்க மாத்தீசன்ல இறங்கி பஸ் புடிக்கணும். இப்ப வரப்போற ரயில் நேரா டிம்மின்ஸ்க்கே வருது, காக்ரேனுக்கு இணைப்பு தனியா. டொராண்டோ யூனியன்லேர்ந்து மொத்தம் 16 நிறுத்தம், 740 கிலோமீட்டர், பத்து பதினோரு மணி நேரம். சீசனப் பொறுத்து வாரத்துக்கு நாலு நாள்லேர்ந்து ஏழு நாள் வரைக்கும். இந்த ரயிலுக்காக 2022ல வந்த திட்ட அறிக்கைல ராத்திரிப் பயணமாத்தான் திட்டம் போட்டிருக்காங்க.

அம்மா ஏற முடியுமான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு நல்ல பதில் இருக்கு. 2022 டிசம்பர்ல சீமென்ஸ்கிட்ட மூணு ரயிலுக்கு 139.5 மில்லியன் டாலருக்கு ஆர்டர் குடுத்தாங்க. மத்திய அரசோட பயணிகள் ரயில் நிறுவனமான வியா ரயில் மான்ட்ரியால் டொராண்டோ ரூட்ல ஓட்டுற அதே வென்ச்சர் வகைதான். நான் அதுல போயிருக்கேன். உள்ள நடைபாதை அகலம், டாய்லெட்டுக்குள்ள வீல்சேர் திரும்பற அளவுக்கு இடம் இருக்கு, கைப்பிடி ரெண்டு பக்கமும். உங்கம்மா நிம்மதியா தண்ணி குடிக்கலாம் ப்ரோ.

ஒரே ஒரு கவலை குளிர். இதே நார்த்லேண்டருக்கு 1977ல ஐரோப்பாவுலேர்ந்து ரொம்ப சொகுசான பழைய டீஈஈ (ட்ரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்) ரயில்கள வாங்கிட்டு வந்தாங்க, பெட்டியெல்லாம் அருமை, ஆனா கூட வந்த எஞ்சின் இந்த ஊரு குளிருக்கு தாக்குப் புடிக்கல, கொஞ்ச வருஷத்துலயே அதக் கழட்டிட்டு இங்கத்து டீசல் எஞ்சின மாட்டித்தான் ஓட்டுனாங்க. அதனால முதல் ஓட்டத்த விட முதல் பிப்ரவரி எப்படிப் போகுதுன்னுதான் நான் காத்துக்கிட்டு இருப்பேன்.


ஸ்காபரோ அண்ணை:

தம்பி, உங்கட அம்மாவின்ர கதைய வாசிச்சிட்டு மனுசிக்கும் வாசிச்சுக் காட்டினனான், அவவுக்கு கண் கலங்கிட்டுது.

நான் தொண்ணூறுகளில கேர்க்லண்ட் லேக்கில ஒரு உணவகத்தில குசினி வேலை செய்தனான், நாலு வருசம். அப்ப அந்த ஊரில தமிழ் ஆக்கள் எண்டு ஆரும் இல்லை. லீவு கிடைச்சா சுவஸ்திகா ஸ்ரேசனில நார்த்லாண்டர் ஏறி ரொறன்ரோ வருவன், திரும்பிப் போகேக்க இரண்டு பை நிறைய அரிசிமா, மிளகாய்த்தூள், ஒடியல் எல்லாம் கட்டிக்கொண்டு போவன். காலமை யூனியன் ஸ்ரேசனில ஏறினா பொழுதுபட்டு இருட்டினாப் பிறகுதான் போய்ச் சேரும். ஆனா ஒரு நாளும் களைச்சுப்போய் இறங்கினதில்லை. எழும்பி நடக்கலாம், பக்கத்தில இருக்கிறவங்களோட கதைக்கலாம். எதிரில ஒரு வயசுபோன கிரீ எண்ட பழங்குடி இனத்து மனுசி அடிக்கடி வருவா, மூசனீ போற ஆள், காக்ரேனில இறங்கி மற்ற ரெயின் மாறிப் போகவேணும். அவ எனக்கு ஒவ்வொரு ஏரியின்ர பேரும் சொல்லித் தருவா, நான் அவவுக்கு ஒரு முறை பனங்கட்டி குடுத்தனான், வாயில வச்சிட்டு கனநேரம் ஒண்டும் பேசேல்லை, பிறகு இன்னொரு துண்டு கேட்டா.

எங்கட சனத்துக்கு உந்த ரெயின் நிண்டுபோற கதை புதுசில்லை. கொழும்பில இருந்து யாழ்ப்பாணம் போற யாழ்தேவி 1956ல ஓடத் தொடங்கினது, நாங்கள் கோச்சி எண்டுதான் சொல்லுவம். 1990 ஜூனில சண்டையால யாழ்ப்பாணத்துக்கு நிண்டது. பிறகு 2014 ஒக்ரோபர் 13, இருபத்திநாலு வருசம் கழிச்சுத்தான் திரும்ப யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்கு வந்தது. அதுக்கிடையில எங்கட தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போட்டுது, ஸ்ரேசன் வெறும் சுவராய் நிண்டது. கோச்சி திரும்ப வாற அண்டைக்கு ரொறன்ரோவில இருந்து வீடியோவில பாத்தன், சனம் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் நிண்டு கை காட்டுது. என்ர அம்மா அதைப் பாக்க இருக்கேல்லை. கொழும்புக்கு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு அவ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதால சொல்லுறன், இஞ்சை நிலைமை எவ்வளவோ மேல். தண்டவாளம் அப்பிடியே கிடக்கு, சாமான் ரெயின் இண்டைக்கும் ஓடுது, காக்ரேன் மூசனீ போலார் பெயர் எக்ஸ்பிரஸ் ஒரு நாளும் நிறுத்தேல்லை, ஏனெண்டா மூசனீக்கு றோட்டே இல்லை. இல்லாததை வானத்தில இருந்து கொண்டுவாற அலுவல் இல்லை இது. வரும் தம்பி, நான் நம்புறன்.


மார்க்கம் கணக்கன்:

அண்ணை சொல்றத மதிக்கறேன், எனக்கும் ரயில் வரணும்னுதான் ஆசை. ஆனா வீடுங்கறது முப்பது வருஷக் கடன், அதனால கொஞ்சம் கறாராவே பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

ரயில திரும்பக் கொண்டுவர்றோம்னு 2018 தேர்தல்லயே வாக்குறுதி குடுத்தாச்சு. சேவை தொடங்க வச்சிருக்கற இலக்கு 2026. எட்டு வருஷம். நிறுத்தறதுக்கு ஆறே மாசம் ஆச்சு, திரும்பக் கொண்டுவர இவ்வளவு காலம், இதுலயே எல்லாம் இருக்கு. 2041 வாக்குல வருஷத்துக்கு 40,000லேர்ந்து 60,000 பேர் போவாங்கன்னு மதிப்பீடு. டிக்கெட் காசு மட்டுமே இந்த ரயில ஓட்டிடாது, மானியம் எப்பவும் வேணும். நாளைக்கு வேற அரசு வந்து அதே 400 டாலர் கணக்கத் திரும்ப எடுத்தா? அந்தக் கேள்விக்கு வடக்குல இருக்கறவங்க இப்பவே பதில் தயார் பண்ணி வைக்கணும், ஏன்னா அந்தக் கணக்குல ரோட்டுக்கு ஆகற செலவு, ஆக்சிடென்ட், மூடிக்கிடக்கற நாள்ல போற நஷ்டம் இதெல்லாம் எந்தப் பக்கத்துலயும் எழுதறதில்ல. நான் அக்கவுன்டன்ட், அரைக்கணக்கப் போட்டு முழுத் தீர்ப்பு சொல்றது எனக்கு ஆகவே ஆகாது.

அல்கோமா சென்ட்ரல் ரயில யாரும் மறந்துடக்கூடாது. சூ செயின்ட் மேரிலேர்ந்து ஹெர்ஸ்ட் வரைக்கும் 476 கிலோமீட்டர், காட்டுக்குள்ள ரோடே இல்லாத இடத்துக்கெல்லாம் அதுதான் வழி. மத்திய அரசு வருஷத்துக்கு 2.2 மில்லியன் மானியத்த நிறுத்தறோம்னு 2014 ஜனவரில சொன்னாங்க, 2015 ஜூலையோட பயணிகள் ரயில் நின்னுச்சு. மிசனாபீ கிரீ பழங்குடி மக்கள் நாங்களே எடுத்து நடத்தறோம்னு எவ்வளவோ போராடுனாங்க. பாதை இருந்துச்சு, மக்கள் இருந்தாங்க, காசு மட்டும் வரல.

அடுத்தது நேரம். நார்த் பேக்கு வடக்கதான் ஒன்டாரியோ நார்த்லேண்டோட சொந்தத் தண்டவாளம், தெக்கால பெரும்பாலும் சிஎன்னோடது (கனேடியன் நேஷனல்ங்கற சரக்கு ரயில் கம்பெனி), அங்க சரக்கு ரயில்தான் ராஜா. இன்னொண்ணு, 2024 அக்டோபர்ல சிஎன் வியாவோட இதே வென்ச்சர் ரயில்களுக்கு ஒரு கட்டுப்பாடு போட்டுச்சு, 32 அச்சுக்கு (ரெண்டு சக்கரத்த சேக்கற தண்டு) கம்மியா இருக்கற ரயில் லெவல் கிராசிங்ல வேகத்தக் குறைக்கணும்னு. ரயில் சக்கரம் தண்டவாளத்துல கரண்ட்ட சேத்துவிட்டாத்தான் கேட்டு மூடும், அச்சு கம்மியான லேசான ரயில்னா சில நேரம் அந்த சர்க்யூட் சரியா சேராதுங்கற பயம். அதனால வியா ரயில் நிறைய லேட்டாச்சு. நார்த்லேண்டர் ஒரு எஞ்சின் மூணு பெட்டி, கூட்டிப் பாத்தா 16 அச்சு. அட்டவணைல பதினோரு மணி நேரம்னு போட்டுட்டு தினமும் ரெண்டு மணி நேரம் லேட்டா வந்தா ஜனங்க மறுபடி கார எடுத்துருவாங்க, அப்புறம் ஆளே ஏறலன்னு காரணம் காட்டி மூடுவாங்க. இது நடக்கக்கூடாதுன்னா இப்பவே எம்பிபிங்கள, அதாவது மாகாண சட்டசபை உறுப்பினர்கள, புடிச்சுக் கேக்கணும்.

அதனால ப்ரோ, வேலை நிலையா இருக்கா, பொண்ணு சந்தோஷமா இருக்காளான்னு பாத்து வீட்ட வாங்குங்க. ரயில் வந்தா கூடுதல் வரம். ரயில மட்டும் நம்பி கையெழுத்து போடாதீங்க.


நார்த் பே நர்ஸ்:

நான் நார்த் பேல நர்ஸா இருக்கேன், ஒன்பது வருஷம் ஆச்சு. கணக்கெல்லாம் சரிதான் அண்ணா, ஆனா நான் தினம் பாக்கறத ஒண்ணு சொல்லணும்.

வடக்குல இருக்கற பாதிப் பேருக்கு ஸ்பெஷலிஸ்ட்னா சட்பரி, இல்லன்னா டொராண்டோ. ஒரு அரைமணி நேர அப்பாயின்ட்மென்ட்டுக்கு ரெண்டு நாள் போயிரும். நூறு கிலோமீட்டருக்கு மேல போறவங்களுக்கு நார்தர்ன் ஹெல்த் ட்ராவல் கிராண்ட்னு மாகாணம் காசு குடுக்குது, நல்ல விஷயம், கண்டிப்பா எல்லாரும் அப்ளை பண்ணுங்க, ஆனா மாகாண மருத்துவக் காப்பீட்டு அட்டையான ஓஹிப் கார்டு இருக்கணும், விசிட்டரா வந்த அம்மாக்கு கிடைக்காது. கிராண்ட் பெட்ரோலுக்கு ஆகும், ஓட்டறதுக்கு ஆள் வேணுமே? என்கிட்ட ஒரு தாத்தா வருவாரு, கண்ணுல ஊசி போட டொராண்டோ போகணும், பார்வை மங்குனதால லைசென்ஸ் போயிருச்சு, பையன் ஆல்பர்ட்டால. போன குளிர்காலத்துல மூணு அப்பாயின்ட்மென்ட்ட விட்டுட்டாரு. மூணாவது தடவ வந்தப்ப ஒரு பக்கம் கண்ணு ரொம்ப மோசமாயிருச்சு. பஸ்ஸு இல்லியா தாத்தான்னு கேட்டேன், ராத்திரி பனியில நடுவழில இறக்கிவிட்டா எனக்குக் கண்ணு தெரியாதேம்மான்னாரு. ஒரு பயணிக்கு 400 டாலர்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு அவரு முகந்தான் வருது.

நேரத்தப் பத்தி ஒரு நல்ல சேதி. முன்னாடி ரயில் நார்த் பே வந்தா தண்டவாளம் மாத்தி பின்னாடி போயி முன்னாடி வந்து நேரம் வீணாகும், இப்ப அதுக்குன்னே ஒரு பைபாஸ் தண்டவாளம், அதுலயே கால்மணி நேரம் மிச்சம்.

ராத்திரி ரயில்ங்கறதுல மட்டும் எனக்கு மனசு ஒப்பல. டொராண்டோல ஒரு பகல் முழுக்க கிடைக்கும், ஹோட்டல் செலவு இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கு அது உதவிதான். ஆனா நடுவுல இருக்கற ஊருக்காரங்க நடுராத்திரி ரெண்டு மணிக்கு மைனஸ் முப்பதுல நின்னு ஏறணும். ஸ்டேஷன்ல சூடான காத்திருப்பு அறை, ஒரு ஆள், வெளிச்சம், இது மூணும் இல்லாம வெறும் பிளாட்ஃபாரத்தக் கட்டி வச்சா வயசானவங்க வரமாட்டாங்க. டெமகாமில, இங்கிள்ஹார்ட்ல இருக்கறவங்க இதக் கேட்டு வாங்கணும்.


டிம்மின்ஸ்வாசி:

இவ்வளவு பேரு இவ்வளவு பொறுமையா எழுதுவீங்கன்னு நெனைக்கல, ரொம்ப நன்றி. கணக்கன் அண்ணா, அச்சு விஷயம் எனக்கு நல்லாவே புரியுது, மெஷின் வேலை பாக்கறவன் நான், அத எங்க எம்பிபி ஆபீஸுக்கு லெட்டரா எழுதறேன், இங்க ஒர்க்‌ஷாப்ல எல்லாருமே கையெழுத்து போடுவாங்க, ஒருத்தரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, அவரு கடைசியா இங்கேர்ந்து நேரடி ரயில் ஏறுனது கல்யாணத்துக்கு முன்னாடியாம், இப்ப பேரன் எடுத்துட்டாரு. நர்ஸ் அக்கா, காத்திருப்பு அறையையும் அதே லெட்டர்ல சேத்துடறேன்.

வீட்டப் பத்தி வீட்டுக்காரிகிட்ட பேசினேன். வாங்கறதுன்னே முடிவு பண்ணிட்டோம். ரயிலுக்காக மட்டும் இல்ல, பொண்ணு இங்க ஸ்கேட்டிங் கத்துக்கிட்டு வந்து ஊர விட்டு வரமாட்டேன்னு நிக்கிறா. ஆனா அம்மா அடுத்த வருஷமும் வரேன்றாங்க, ரயில் அதுக்குள்ள ஓடலன்னா மறுபடி அதே பஸ்தான், அத நெனைச்சாத்தான் வயித்தக் கலக்குது.


ஸ்காபரோ அண்ணை:

தம்பி, ஒரே இழுவையா அம்மாவைக் கொண்டுபோகாதேங்கோ. பிளேன் வந்து இறங்கினவுடன எங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ, கீழ்த்தட்டில படி ஏறாத அறை ஒண்டு சும்மாதான் கிடக்கு, இரண்டு நாள் காலை நீட்டிப் படுக்கட்டும். பிறகு பகல் பஸ்ஸில நார்த் பே மட்டும் போங்கோ, அங்கை ஒரு இரவு தங்கி அடுத்தநாள் மிச்சத்தைப் போங்கோ. தனிமடலில நம்பர் அனுப்புறன். ரெயின் ஓடத் தொடங்கினா ரொறன்ரோவுக்கு வடக்கால இருக்கிற லாங்ஸ்டாஃபிலயே ஏறலாம், யூனியன் மட்டும் அலைய வேண்டாம், நானே கொண்டுவந்து ஏத்திவிடுவன்.


நார்த் பே நர்ஸ்:

நார்த் பேல அந்த ஒரு ராத்திரி எங்க வீட்லதான். ஹோட்டல் எல்லாம் பாக்காதீங்க. அம்மாக்கு முட்டிக்கு என்ன மாத்திரை எடுக்கறாங்கன்னு மட்டும் முன்னாடியே எழுதி அனுப்புங்க, வழில கால் வீங்காம இருக்க முட்டி வரைக்கும் போடற அந்த டைட் சாக்ஸ் ஒரு ஜோடி அளவு பாத்து எடுத்து வைக்கறேன்.


டிம்மின்ஸ்வாசி:

அக்கா, அண்ணே, இத அப்படியே ஃபோன்ல அம்மாக்குப் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ஒரே கேள்விதான் கேட்டாங்க, அந்த ரெண்டு வீட்டுக்கும் முறுக்கு எத்தனை டப்பா எடுத்துட்டு வரணும்னு.